வைத்தியம் முடிஞ்சாச்சு, இனி உடம்பு தேறணும்!

புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு நிலையாக நிற்கவும், பலம் பெறவும் சில வழிகள்



புற்றுநோய் வந்து, வைத்தியம் பார்த்து, மீண்டு வந்த சகோதரிகள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அந்த ஒரு வருஷத்தில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும், சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் புதிதாக வந்தன. இதில் நம் அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பெண்களும் அடக்கம்.

இந்த நோயை எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே போய்க் காட்டுவது என்று நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். ஆனால் ஆபரேஷன் முடிந்து, கீமோ ஊசி முடிந்து, கரண்ட் வைத்தும் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

வைத்தியம் முடிந்து வந்த சகோதரிகள் சொல்வது இப்படித்தான் இருக்கிறது:

"மெத்தை மேல நடக்கிற மாதிரி இருக்கு. கால் தரையில படுதா இல்லையான்னே தெரியல."

"செருப்பு கழண்டது தெரியாம தெரு முனை வரைக்கும் போயிட்டேன்."

"பாயில உட்கார்ந்தா எந்திரிக்க ஒரு ஆள் கை குடுக்கணும்."

"விழுந்துடுவோமோன்னு பயம். அதனாலதான் குழுக் கூட்டத்துக்கே வர்றதில்ல."

கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். நோயிலிருந்து பிழைத்தவர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தால் வீட்டுக்குள்ளேயே முடங்கினால், நடை இன்னும் குறையும். நடை குறைந்தால் பலம் குறையும். பலம் குறைந்தால் விழும் ஆபத்து கூடும். இந்தச் சுழலை உடைக்க முடியும். அதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு நாற்காலியும், ஒரு சுவரும், தினம் கொஞ்ச நேரமும், கூட ஒரு ஆளும் போதும்.

ஏன் தள்ளாடுகிறது?

நாம் விழாமல் நிற்பதை மூன்று கல் அடுப்பு போல நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கல் நம் கண். இரண்டாவது கல் உள்காது. தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது சொல்லும். மூன்றாவது கல் நம் உள்ளங்காலும் மூட்டுகளும். தரை மேடா பள்ளமா, கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது இவைதான். மூன்று கல்லும் சரியாக இருந்தால் பானை ஆடாது. ஒரு கல் நகர்ந்தால் பானை சாயும்.

புற்றுநோய் மருந்துகளில் சில, நரம்புகளைப் பாதிக்கும். பாக்ளிடாக்செல், டோசிடாக்செல், சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் ஆகியவை அப்படிப்பட்டவை. உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த மருந்து கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும், பாருங்கள். உடம்பில் நீளமான நரம்புதான் முதலில் பாதிக்கும். அதனால்தான் முதலில் கால்விரலும், பிறகு கைவிரலும் மரத்துப் போகிறது. ஊசி குத்துவது போல, எரிவது போலவும் இருக்கும். சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் போட்டவர்களுக்கு ஊசி நின்ற பிறகும் சில மாதம் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம். "நோய் திரும்ப வந்துட்டுது" என்று உடனே பயப்பட வேண்டாம். டாக்டரிடம் சொல்லிக் காட்டினால் போதும்.

இப்படி மூன்றாவது கல் நகர்ந்துவிட்டால், உடம்பு கண்ணை நம்பித்தான் நிற்கிறது. அதனால்தான் பகலில் நன்றாக நடக்கிற அக்கா, ராத்திரி கரண்ட் போனதும் தடுமாறுகிறார். முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினதும் சாய்கிறார். இது மனப்பிரமை இல்லை. உள்ளங்கால் சொல்ல வேண்டிய செய்தி மேலே போகவில்லை.

வேறு காரணங்களும் உண்டு.

• பல வாரம் படுத்தே இருந்ததால் தொடைச் சதை கரைந்திருக்கும்.

• கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் தொடை, இடுப்புச் சதை பலமிழக்கும்.

• ரத்தம் குறைந்திருந்தால் எந்திரிக்கும்போது கண் இருட்டும்.

• மார்பகம் எடுத்த பக்கம் தோள் இறுகி, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கப் பழகியிருக்கும்.

• லெட்ரோசோல் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், அடிவயிற்றில் கரண்ட் வைத்தவர்களுக்கும் எலும்பு பலம் குறையலாம். இவர்கள் விழுந்தால் எலும்பு முறியும் ஆபத்து அதிகம்.

அமெரிக்காவில் புற்றுநோயிலிருந்து மீண்ட 512 பெண்களை ஆராய்ந்து 2017-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்து சராசரியாக சுமார் 6 வருஷம் ஆகியும், 100-க்கு 47 பேருக்கு நரம்பு மரமரப்பு இருந்தது. மரமரப்பு இல்லாதவர்களைவிட இவர்கள் விழும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே "போகப் போகச் சரியாயிடும்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

படுத்தால் தேறுமா? நடந்தால் தேறுமா?

வைத்தியம் முடிந்து வந்தவரை நம் வீடுகளில் இரண்டு விதமாக நடத்துகிறோம். ஒரு வீட்டில், "நீ ஒரு துரும்பைக்கூட எடுக்காத, படு" என்கிறார்கள். அது பாசம்தான். ஆனால் அசையாத சதை தேறாது. இன்னொரு வீட்டில், "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று அடுத்த வாரமே இரண்டு குடம் தண்ணீரைத் தூக்க விடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. அளவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போவதே சரி.

முன்பெல்லாம் டாக்டர்களே ஓய்வு எடுக்கச் சொன்னதுண்டு. இப்போது பல நாட்டு நிபுணர்கள் கூடிச் சொல்லும் ஆலோசனை வேறு. வாரத்தில் 3 நாள், நாளுக்கு 30 நிமிஷம் நடை போன்ற பயிற்சியும், வாரத்தில் 2 நாள் சதைக்குப் பலம் தரும் பயிற்சியும் செய்தால் களைப்பு குறையும், உடம்பு தேறும் என்கிறார்கள்.

2025-ல் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வந்தது. குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 3 வருஷம் ஆள் வைத்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு உடற்பயிற்சியின் நன்மையைச் சொல்லும் புத்தகம் மட்டும் கொடுத்தார்கள். 5 வருஷத்துக்குப் பிறகு பார்த்தால், நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 100-க்கு 80 பேர். புத்தகப் பிரிவில் 74 பேர். பயிற்சி செய்தவர்கள் பலர் செய்தது வேகமான நடைதான். புத்தகம் கொடுத்ததைவிட, கூட ஆள் இருந்து சொல்லிக் கொடுத்ததே பலன் தந்தது என்பதைக் குழுப் பெண்களாகிய நாம் மனதில் வைக்க வேண்டும்.

தொடங்கும் முன்

முதலில் உங்கள் டாக்டரிடம், "நான் நடக்கலாமா, சதைப் பயிற்சி செய்யலாமா, எனக்கு எலும்பில் ஏதாவது பாதிப்பு இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எலும்புக்கு நோய் பரவியவர்கள், இருதயம் பலவீனமானவர்கள், ரத்தத்தில் தட்டணு குறைந்தவர்கள் தாங்களாகவே தொடங்கக் கூடாது.

காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாந்தி, கடும் தலைசுற்றல் இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகளும் உண்டு:

1. முதுகுவலியோடு இரண்டு காலும் திடீரென்று பலமிழந்து போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தானே போவது.

2. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பது.

3. கீமோ போட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் காய்ச்சல்.

4. முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விளங்காமல் போவது.

இவற்றுக்கு விடியும் வரை காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் நிலை என்ன? வீட்டிலேயே பார்க்கலாம்

கூட ஒரு ஆள் நிற்க, சுவர் ஓரமாக இந்த இரண்டையும் செய்து பாருங்கள்.

நாற்காலிச் சோதனை: ஆடாத நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். நடுவில் உட்கார்ந்து, இரு கையையும் நெஞ்சின் மேல் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள். 30 வினாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று கூட இருப்பவர் எண்ணட்டும். 60 முதல் 64 வயதுப் பெண் 12 முறைக்குக் குறைவாகவும், 70 முதல் 74 வயதுப் பெண் 10 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால் கால் பலம் போதவில்லை என்று அர்த்தம்.

அடி ஒட்டி நிற்பது: ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி, ஒரே கோட்டில் நில்லுங்கள். 10 வினாடி நிற்க முடியவில்லை என்றால் விழும் ஆபத்து உண்டு.

இன்றைய எண்ணிக்கையைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை மறுபடியும் பாருங்கள். குழுவின் சேமிப்புப் பாஸ்புக்கில் தொகை ஏறுவதைப் பார்ப்பது போல இந்த எண்ணும் ஏறும்.

ஆறு பயிற்சிகள்

1. உட்கார்ந்து எழுதல்: சுவரோடு ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, மெல்ல எழுந்து, மெல்ல உட்காருங்கள். முதலில் கை ஊன்றிக்கொள்ளலாம். 5 முறையில் தொடங்கி 10 முறை வரை ஏற்றுங்கள். கக்கூஸில் உட்கார்ந்து எழவும், பஸ்ஸில் ஏறி இறங்கவும் வேண்டிய பலம் இதில்தான் வரும்.

2. குதிகால் தூக்கல்: ஜன்னல் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி விரலில் நில்லுங்கள். மூன்று எண்ணி இறக்குங்கள். 10 முறை. பிறகு குதிகாலை ஊன்றி விரல்களை மேலே தூக்குங்கள். நடக்கும்போது விரல் தடுக்காமல் இருக்க இது உதவும்.

3. ஒற்றைக்கால் நிலை: கம்பியைப் பிடித்தபடி ஒரு காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குங்கள். 10 வினாடி. பிறகு மறு கால். பழகிய பின் இரண்டு கைக்குப் பதில் ஒரு கை, பிறகு ஒரு விரல் மட்டும். கம்பியை விட்டு எட்டப் போக வேண்டாம்.

4. அடி நடை: கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வோமே, அதே மாதிரி ஒரு பாதத்தின் முன்னே மறு பாதத்தை ஒட்டி வைத்துச் சுவர் ஓரமாக 10 அடி நடங்கள். கீழே குனிந்து பார்க்காமல் எதிரே பார்த்து நடக்கப் பழகுங்கள்.

5. சுவர் தள்ளல்: சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, இரு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவருக்குக் கொண்டு போய், மறுபடி தள்ளுங்கள். 5 முதல் 10 முறை. மார்பக ஆபரேஷன் செய்தவர்கள் புண் ஆறி, டாக்டர் சொன்ன பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

6. நடை: முதல் வாரம் 5 நிமிஷம் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

வாரக் கணக்கு

முதல் 2 வாரம்: தினம் 5 நிமிஷ நடை, பயிற்சி 1 முதல் 3 வரை.

3, 4-ஆம் வாரம்: காலையில் 5, மாலையில் 5 நிமிஷ நடை. அடி நடையைச் சேருங்கள்.

5 முதல் 8-ஆம் வாரம்: 15 முதல் 20 நிமிஷ நடை. சுவர் தள்ளலைச் சேருங்கள். வாரத்தில் 2 நாள் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்கி இறக்குங்கள்.

9 முதல் 12-ஆம் வாரம்: 30 நிமிஷ நடை, வாரத்தில் 3 நாளாவது.

இது ஒரு கணக்குத்தான், கட்டளை இல்லை. கீமோ போட்ட வாரத்தில் குறையும், அடுத்த வாரத்தில் ஏறும். செய்த மறுநாள் எழ முடியாத அளவு அசதியாக இருந்தால் பாதியாகக் குறையுங்கள். முழுசாக விட்டுவிடாதீர்கள். நடைக்குச் சமமான சிமெண்ட் ரோடு நல்லது. வீராம்பட்டினம் கடற்கரை மணலில் நடப்பது காற்றோட்டமாக இருந்தாலும், பாதம் மரத்தவர்களுக்கு மணல் தடுமாற்றம் தரும். வெயில் மணல் சுட்டாலும் தெரியாது, கிளிஞ்சல் குத்தினாலும் தெரியாது.

களைப்பு சோம்பேறித்தனம் இல்லை

"தூங்கி எந்திரிச்சாலும் அசதி போகல" என்று பலர் சொல்கிறார்கள். புற்றுநோய்க் களைப்பு அப்படித்தான். மாமியாரும் வீட்டுக்காரரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். பகலில் 20, 30 நிமிஷம் படுக்கலாம். நாள் முழுக்கப் படுத்தால் களைப்பு கூடுமே தவிரக் குறையாது. எந்த நேரம் உடம்பு நன்றாக இருக்கிறதோ அந்த நேரத்தில் முக்கியமான வேலையை வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைப்பதையும் மாவாட்டுவதையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யுங்கள். களைப்பு மிக அதிகமாக இருந்தால் ரத்தம் குறைந்திருக்கலாம், தைராய்டு இருக்கலாம். பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கை வீக்கம் உள்ளவர்கள்

மார்பக ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டியை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்கலாம். "இனிமே அந்தக் கையால எதையும் தூக்கக்கூடாது" என்று பயமுறுத்துவது வழக்கம். கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2009-ல் வெளியானது. பயிற்சியாளர் மேற்பார்வையில் சிறு எடையில் தொடங்கி மெல்ல ஏற்றியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. கையின் பலமும் கூடியது. ஆகவே பயிற்சி செய்யலாம். ஆனால் திடீரென்று மீன் கூடையையோ அரிசி மூட்டையையோ தூக்கக் கூடாது. கேட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக. அந்தக் கையில் வெட்டுக்காயம், சூடு, பூச்சிக்கடி படாமல் பாருங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். கர்ப்பப்பை வாய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கால் வீங்கலாம். அவர்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

கஞ்சி மட்டும் போதாது

சதை வளர வேண்டும் என்றால் புரதம் வேண்டும். பயிற்சி செய்துவிட்டு வெறும் கஞ்சி குடித்தால், செங்கல் இல்லாமல் சுவர் எழுப்புவது போலத்தான். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்கு 50 முதல் 75 கிராம் வரை புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைக்கும். மத்தி, நெத்திலி போதும், வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பு, சுண்டல், பச்சைப்பயறு, வேர்க்கடலை, தயிர் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். "முட்டை ஆகாது, மீன் ஆகாது, புண் சீழ் பிடிக்கும்" என்று பத்தியம் வைப்பது தேறும் உடம்பைத் தேறவிடாது. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய சிறு மாற்றங்கள்

• படுக்கையிலிருந்து குளியலறை வரை ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தலையணை அடியில் டார்ச் இருக்கட்டும்.

• எழுந்ததும் நடக்காதீர்கள். உட்கார்ந்து ஒரு நிமிஷம், நின்று ஒரு நிமிஷம், பிறகு நடங்கள்.

• தரையில் பாய் போட்டுப் படுப்பதைவிடக் கட்டில் நல்லது. தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் எழுவது சிரமம்.

• குளியலறைப் பாசியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து எடுங்கள். கொத்தனாரை வைத்து ஒரு பிடிகம்பி பதியுங்கள். உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி போடுங்கள்.

• வாசல் தெளித்த ஈரம் காயும் வரை நடக்க வேண்டாம். கோலம் போடும்போது குனிந்த தலையைச் சட்டென்று தூக்காதீர்கள்.

• வாசற்படி விளிம்பில் மஞ்சள் அல்லது வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியும்.

• ரப்பர் செருப்புக்குப் பதில் பின்னால் வார் உள்ள செருப்பு போடுங்கள். மரத்த காலோடு வெறுங்காலில் கொல்லைப்பக்கம்கூடப் போகாதீர்கள்.

• தினம் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். முள், கொப்புளம், வெடிப்பு இருக்கும், உங்களுக்கு வலிக்காது.

• வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். மரத்த விரலோடு சூடான பாத்திரத்தை இறக்கும்போது கந்தைத் துணியை மறக்காதீர்கள். அரிவாள்மனையில் மீன் ஆய்வதைக் கொஞ்ச காலம் மற்றவர்களிடம் விடுங்கள்.

• ஊன்றுகோல் வேண்டும் என்றால் வெட்கப்படாதீர்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு அளவு உயரம் இருக்க வேண்டும். எந்தக் கால் பலவீனமோ அதற்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும்.

விழுந்துவிட்டால்?

பதறி எழாதீர்கள். ஒரு நிமிஷம் அப்படியே இருந்து எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்பு, தொடை அதிகம் வலித்தாலோ, தலையில் அடிபட்டாலோ நகராமல் ஆளைக் கூப்பிடுங்கள். அடி இல்லை என்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, கையும் முழங்காலும் ஊன்றி, நாற்காலி அல்லது திண்ணை வரை தவழ்ந்து போங்கள். கையை அதன் மேல் வைத்து, பலமான காலை முன்னே ஊன்றி எழுங்கள். "ஒண்ணும் இல்ல" என்று மறைக்காதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: நரம்புக்குச் சத்து ஊசி போட்டால் மரமரப்பு போகுமா?

பதில்: உடம்பில் பி12 குறைவாக இருந்தால் அதைக் கொடுக்க வேண்டும். குறைவு இல்லாதவருக்குக் கீமோவால் வந்த மரமரப்பு சத்து ஊசியால் போகும் என்பதற்கு நிரூபணம் இல்லை. கடைசி பெஞ்ச் மருந்துக் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுப் பணத்தை விடாதீர்கள். எரிச்சல், வலி அதிகம் இருந்தால் அதற்கு மாத்திரை உண்டு. சிகிச்சை பார்த்த டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

கேள்வி: இன்னும் கீமோ முடியவில்லை. இப்போதே பயிற்சி செய்யலாமா?

பதில்: டாக்டர் சம்மதித்தால் செய்யலாம். 158 பேரை வைத்துச் செய்து 2024-ல் வெளியான ஆராய்ச்சியில், கீமோ நடக்கும்போதே நிலைப் பயிற்சி செய்தவர்களில் நரம்புப் பாதிப்பு வந்தவர்கள், செய்யாதவர்களைவிடப் பாதிக்கும் குறைவு.

கேள்வி: யோகா செய்யலாமா?

பதில்: தெரிந்தவரிடம் கற்றுச் செய்யலாம். தலைகீழாக நிற்பது, உடம்பை அதிகம் முறுக்குவது வேண்டாம். எலும்பு பலவீனமானவர்கள் அதிகம் குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்.

எங்கே போய்க் கேட்பது?

கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் வட்டாரப் புற்றுநோய் மையம் இருக்கிறது. உடல் மறுவாழ்வுக்கென்று தனித் துறையும் அங்கே உண்டு. ஆனால் நாம் கேட்காமல் யாரும் அங்கே அனுப்பி வைக்க மாட்டார்கள் என்றே எண்ணிக்கொண்டு, நாமே கேட்க வேண்டும். "எனக்குக் கால் மரத்திருக்கு, ரெண்டு தடவை விழுந்துட்டேன், பிசியோதெரபிக்கு எழுதிக் குடுங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே "உடம்பு முடியல" என்றால் சத்து மாத்திரையோடு திரும்பி வருவோம். தினசரிச் சந்தேகங்களுக்கு அரியாங்குப்பம் அரசு சுகாதார நிலையத்தையும், உங்கள் பகுதி ஆஷா பணியாளரையும் அணுகலாம். பழைய சீட்டுகள் அனைத்தையும் ஒரே பையில் வைத்துக் கொண்டு போங்கள்.

குழு என்ன செய்யலாம்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் அவரை விடவில்லை. பல வருஷம் போராடி, 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பிழைப்பதே பெரிய காரியம். இன்று பிழைத்து வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பிழைத்தவர் நிமிர்ந்து நடக்க வைப்பதில் நமக்கும் பங்கு உண்டு. கீழ்க்கண்டவற்றை உங்கள் குழுவில் பேசித் தீர்மானமாக எழுதுங்கள்.

1. வைத்தியம் முடிந்து வந்த உறுப்பினருக்கு ஒரு நடைத்துணை. வாரம் 3 நாள், ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்தால் யாருக்கும் பாரம் இல்லை.

2. கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. எல்லோரும் பாயில் இருக்க நான் மட்டும் மேலேயா என்று அவர் கூச்சப்படுவார். கூடவே இன்னொருவரும் நாற்காலியில் உட்காருங்கள்.

3. கூட்டம் தொடங்கும் முன் 10 நிமிஷம் எல்லோரும் சேர்ந்து இந்தப் பயிற்சிகளைச் செய்யலாம். மூட்டுவலிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது நல்லது.

4. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் ஒரு ஆள் துணை. டாக்டரிடம் கேட்க வேண்டியதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

5. சிகிச்சைக் காலத்தில் உள்கடன் தவணையைத் தள்ளி வைப்பது பற்றி முன்கூட்டியே விதி செய்யுங்கள். கடன் பாக்கி வைத்தவர் கூட்டத்துக்கு வர வெட்கப்படுவார். கூட்டத்துக்கு வராதவரைப் பிறகு யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

6. கூட்டத்துக்கு வரவில்லை என்று பெயரை நீக்கும் முன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வராததற்குக் காரணம் மனம் இல்லாததாக இருக்காது. வழியில் இருக்கும் இருட்டும், ஏற முடியாத இரண்டு படியுமாக இருக்கலாம்.

ஊக்குநர்கள் இந்தப் பக்கத்தை அடுத்த கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். படித்து முடித்ததும் சுவரோரம் ஒரு நாற்காலியைப் போடுங்கள். 30 வினாடியில் யார் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார்கள் என்று பார்த்து, பெயரையும் எண்ணையும் வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணி, உங்கள் குழுவின் அனுபவத்தைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள்.